கதியாலும் கொயினா மரமும்

யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்துப் பழகியவர்களுக்குக் கதியால் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இந்நாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். மாரி தொடங்குவதற்கு முன் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, முருங்கை ஆகிய மரங்களின் முற்றிய கொப்புகளை ஆள் உயரத்துக்கு வெட்டுவார்கள். அடியைச் சரிவாகச் சீவி, நுனியில் வெட்டுவாய் காயாதபடி சாணம் அப்பி, எல்லையோரமாக வரிசையில் நட்டு விடுவார்கள். அதுதான் கதியால். மழை விழுந்ததும் அது தளிர்விடும். சில வருடங்களில் அந்த வேலியே இன்னொரு வேலிக்குக் கதியால் கொடுக்கும். இடையிடையே ஆடாதோடையும் நொச்சியும் நிற்கும். அவையும் தடியில் பிழைப்பவையே. பிள்ளைக்கு இருமல் கண்டால் அம்மா வேலிக்குப் போய் நாலு ஆடாதோடை இலை பறித்து வருவார். தடிமன் பிடித்தால் நொச்சி அவித்து வேது பிடிப்போம். எங்கள் மருந்துக்கடை வேலியில்தான் இருந்தது. பரியாரியார் வீட்டு வளவில் சீந்தில் கொடியும் இருக்கும். வெட்டி ஓரத்தில் போட்டாலும் அது காய்ந்து சாகாது. கிடந்த இடத்திலிருந்தே நூல் போல வேரை இறக்கி மண்ணைத் தேடும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு இழப்பு. நமது சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவர் தமது தோட்டத்துக் கண்ணாடிக் கூட்டில் இருபது வருடங்களுக்கு மேலாக ஓர் ஆடாதோடை வளர்த்து வந்தார். பெயரைச் சொல்லவில்லை, அவருக்கு அது பிடிக்காது. மாரி காலத்தில் நம்மில் எத்தனையோ பேர் அவரிடம் இலை வாங்கிக் கஷாயம் குடித்திருக்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி இரவில் கூட்டின் சூட்டுப்பெட்டி நின்று போயிற்று. காலையில் செடி கறுத்துக் கிடந்தது. வேரும் அழுகி விட்டது. “ஆராவது ஒரு தடி வெட்டிக் கொண்டு போனீங்களா?” என்று ஐயா கோயில் மண்டபத்தில் வந்து கேட்டார். இலை கொண்டு போனவர்கள் பலர். தடி கொண்டு போனவர் எவரும் இல்லை. நானும் இலை கொண்டு போனவன்தான்.

அப்பொழுதுதான் கொயினா மரத்தின் கதை எனக்கு நினைவுக்கு வந்தது. அதை நமது அங்கத்தவர்கள் அறிந்திருப்பது நல்லது என்று எண்ணுகிறேன். அந்தக் கதையின் ஒரு பகுதி நாம் பஸ் ஏறிப் போய்வரக்கூடிய கியூ பூங்காவிலும், இன்னொரு பகுதி நீலகிரியிலும், மற்றொன்று இலங்கை மலைநாட்டிலும் நடந்தது.

முதலில் ஒரு விஷயம். விதையில் முளைப்பது பிள்ளை. அதில் தாயின் குணமும் இருக்கும். மகரந்தம் தந்த வேறொரு மரத்தின் குணமும் இருக்கும். தடியில் முளைப்பது பிள்ளை அன்று, தாயேதான். பூச்செடிக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை என்று சொல்லி விடலாம். மருந்துச் செடிக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒரு மரத்தின் பட்டையில் மருந்துச் சத்து நிறைய இருந்தாலும், அதன் விதையில் வந்த மரத்தில் பாதிகூட இல்லாமல் போகலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும்.

கொயினா மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச் சரிவுகள். 17ஆம் நூற்றாண்டில் யேசு சபைக் குருமார் வழியாக அதன் பட்டை ஐரோப்பாவுக்குச் சென்றது. முறைக் காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, அதைவிடச் சிறந்த மருந்தை அன்றைய ஐரோப்பா அறியவில்லை. 1742இல் லின்னேயஸ் இம்மரத்துக்குச் சிங்கோனா எனப் பெயரிட்டார். பெரு நாட்டு ஸ்பானிய ஆளுநரின் மனைவியான சிஞ்சோன் சீமாட்டி இந்தப் பட்டையால் குணமடைந்தார் என்ற கதையை நம்பியே அப்பெயரைச் சூட்டினார். கதை பொய்யென்று பின்னர் தெரிந்தது. பெயர் நிலைத்து விட்டது. 1820இல் பாரிஸ் நகரில் பெல்த்தியே, கவாந்து என்னும் இருவர் பட்டையிலிருந்து கொயினாச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதன் பின் தேவை பெருகியது, மரம் அருகியது. பட்டை எடுப்போர் மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்து உரித்தார்கள்.

இந்தியாவில் ஆங்கிலேயப் படைகளுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் கொயினா வாங்குவதில் பெருந்தொகை செலவாயிற்று. மரத்தையே இந்தியாவுக்குக் கொண்டு வந்து நட்டால் என்ன என்ற யோசனையை 1859இல் முன்வைத்தவர் இந்தியா அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த கிளெமென்ற்ஸ் மார்க்கம். 1860இல் அவரே பெருவின் கராபாயா மலைகளுக்குச் சென்று, மஞ்சட்பட்டை இனக் கன்றுகள் சில நூறைக் காட்டில் பிடுங்கிப் பெட்டிகளில் அடுக்கினார். பட்டை வியாபாரத்தைக் காக்க விரும்பிய உள்ளூர்க்காரரின் எதிர்ப்பைத் தாண்டி அவற்றைக் கரைக்குக் கொண்டு வந்து கப்பல் ஏற்றினார். வழியில் செங்கடலின் வெயில் பல கன்றுகளைக் கருக்கி விட்டது. நீலகிரிக்கு வந்து சேர்ந்தவையும் ஒன்றொன்றாகச் செத்தன. மார்க்கத்தின் துணிவுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிடுங்கிய கன்று வேர் அறுந்த கன்று. அது புது மண்ணில் வேர் பிடிப்பதற்குள் அதைக் கடலில் ஏற்றியாயிற்று.

அதே வருடத்தில் எக்குவடோர் நாட்டில் இன்னொருவர் வேலையில் இறங்கியிருந்தார். அவர் பெயர் றிச்சாட் ஸ்புறூஸ். யோர்க்ஷயரைச் சேர்ந்த அவர் பல வருடங்களாக அமேசன் காடுகளில் அலைந்த தாவரவியலாளர். 1860 ஏப்ரல் மாத இறுதியில் ஒரு நாள் காலை முதுகும் கால்களும் மரத்துப் போன நிலையில் கண் விழித்தார். அந்த உடம்போடுதான் சிம்பொராசோ மலையின் மேற்குச் சரிவில் உள்ள லிமோன் என்ற இடத்துக்குப் போனார். நாட்டில் உள்நாட்டுப் போர் வேறு. செம்பட்டைக் கொயினா மரங்கள் நின்ற காடு இரண்டு தனியாருக்குச் சொந்தம். 400 டொலர் கொடுத்து உடன்படிக்கை செய்து கொண்டார். அதன் நிபந்தனையை வாசித்தால் சிரிப்பு வரும்: விதையும் கன்றும் வேண்டிய மட்டும் எடுக்கலாம், பட்டையை மட்டும் தொடக் கூடாது! பொன்முட்டையைப் பூட்டி வைத்துவிட்டு வாத்தை விற்றது போலாயிற்று. எக்குவடோர் அரசு விழித்துக் கொண்டு 1861இல் கன்றும் விதையும் வெளியே போவதைத் தடை செய்தபோது கப்பல் போய் விட்டது.

ஸ்புறூசுக்கு உதவியாகக் கியூவிலிருந்து வந்தவர் றொபேட் குறொஸ் என்ற தோட்டக்காரர். வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு பந்திகூடக் கிடைப்பது அரிது. என் கணிப்பில் இந்தக் கதையின் நாயகர் அவர்தான். அவர் காட்டில் கன்று பிடுங்கிப் பெட்டியில் அடுக்கவில்லை. முன்பே பட்டைக்காக வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து புதுத் துளிர்கள் கிளம்பியிருந்தன. அவற்றை வெட்டி, வேலியடைத்துப் பண்படுத்திய பாத்தியில், 1860 ஆகஸ்டு முதலாம் தேதி தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட தடிகளை நட்டார். சிலவற்றுக்குப் பதியமும் வைத்தார். பின்னர் மாதக்கணக்கில் அவற்றுக்குக் காவல் இருந்தார். வெயில் ஏறினால் நிழல் கட்டினார், குளிர் இறங்கினால் மூடினார், கம்பளிப்பூச்சி வந்தால் பொறுக்கினார்.

தடிக்கு ஏன் இவ்வளவு காவல் என்று கேட்கலாம். வெட்டிய தடிக்கு வேர் இல்லை. ஆனால் இலை இருக்கிறது. இலை தன் பாட்டில் நீரை ஆவியாக விட்டுக் கொண்டிருக்கும். உறிஞ்சிக் கொடுக்க அடியில் ஒன்றுமில்லை. வெட்டுவாய் ஆறித் தடித்து, பட்டைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள வளர்படையிலிருந்து வேர் கிளம்பும் மட்டும் தடி தன் கையிருப்பில் காலம் தள்ள வேண்டும். ஈரம் குறைந்தால் வாடும். ஈரம் கூடினால் அழுகும். கிளுவையும் முருங்கையும் முற்றிய கொப்பில் நிறையச் சேமித்து வைத்திருப்பதால் நமது கதியாலுக்கு இந்தத் தாலாட்டு வேண்டியதில்லை. கொயினாவின் இளந்தடிக்கு அது இல்லாமல் முடியாது. தடி வேர்விடத் தூண்டும் சுரப்புப் பொருளை விஞ்ஞானிகள் பிரித்தறிந்தது 1930களில்தான். இன்று தோட்டக் கடையில் தூளாக விற்பது அதன் வழி வந்ததே. குறொசுக்கு அந்தத் தூளும் இல்லை.

டிசம்பரில் வேர் விட்ட தடிகளையும் விதைக் கன்றுகளையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, தெப்பத்தில் ஏற்றி ஆற்று வழியே குவாயாகில் துறைமுகத்துக்கு இறக்கினார்கள். வெள்ளத்தின் வேகத்தில் தெப்பம் கரையோர மரங்களில் மோதி அலைக்கழிந்தது, பெட்டிகள் தப்பின. 1861 ஜனவரி 2ஆம் தேதி குறொஸ் 637 செடிகளுடன் கப்பல் ஏறினார். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட விதைகளும் தனியே அனுப்பப்பட்டன. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வார்டியன் பெட்டி என்று பெயர். அதைக் கண்டுபிடித்த நத்தானியல் வார்ட், இலண்டன் கிழக்குப் பகுதியில், வைற்சப்பலுக்கு அண்மையில் வைத்தியம் பார்த்தவர். 1829இல் மூடிய போத்தல் ஒன்றில் அவர் பூச்சிக்கூட்டை வைத்திருக்க, அதிலிருந்த மண்ணில் பன்னமும் புல்லும் தாமாகவே முளைத்துத் தண்ணீர் விடாமலே வளர்ந்தன. உள்ளே ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து திரும்பவும் மண்ணில் விழும், அவ்வளவுதான் சூட்சுமம். இன்று நாம் தடி நட்ட சாடிக்கு மேல் பிளாஸ்ரிக் பையைக் கவிழ்ப்பதும் அதே வித்தைதான்.

1861 ஏப்ரலில் குறொஸ் உதகமண்டலத்தை அடைந்தபோது 463 செடிகள் உயிரோடு இருந்தன. அங்கே அவற்றைக் கையேற்றவர் வில்லியம் மக்கைவர். அவரும் கியூவில் பழகியவர். 1848 முதல் உதகைத் தாவரப் பூங்காவை உருவாக்கியவர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் தொடங்கின. விதை முளைத்ததும் உண்டு. ஆனால் மக்கைவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. தாய்ச் செடிகளைக் கண்ணாடி வீட்டில் வைத்து, துளிர் விட விட வெட்டி நட்டார். கிளைகளை வளைத்துப் பதியம் போட்டார். கடைசியில் ஒரே ஒரு கணுவும் அதன் மொட்டும் உள்ள சிறு துண்டுகளைக்கூட வேர்விடச் செய்தார். வெட்ட வெட்டத் தாய்ச் செடி இன்னும் துளிர்த்தது. சில வருடங்களுக்குள் நூற்றுக் கணக்கு இலட்சக் கணக்காயிற்று. பட்டை எடுப்பதிலும் அவர் புது வழி கண்டார். மரத்தை வெட்டாமல் பட்டையை நீள வாராக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினால் பட்டை மறுபடி வளரும் என்று காட்டினார்.

இந்தத் தோட்டங்களில் மண் வெட்டியவர்கள் யார்? கூலிகளோடு கைதிகளும் இருந்தார்கள். மலாயா நீரிணைக் குடியேற்றங்களில் சிறை போதாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர் நடுவட்டம் தோட்டத்தில் வேலை செய்தார்கள். தண்டனை முடிந்ததும் அவர்களுள் சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலுள்ள சரிவில் மரக்கறியும் கோப்பியும் பயிரிட்டுக் குடியிருந்தார்கள். மக்களின் மண்டை ஓட்டை அளந்து திரிந்த எட்கார் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இவர்களையும் அளக்க விரும்பிக் காசு தருவதாகச் சொல்லி அனுப்பினார். காசு வேண்டாம், எங்கள் புகைப்படத்தின் பிரதி ஒன்று தந்தால் போதும் என்று பதில் வந்ததாம். தர்ஸ்டன் இதைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஊரை விட்டு வந்த எவருக்கும் அந்தப் பதில் புரியும்.

இலங்கையில் 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல பூங்கா தொடங்கப்பட்டதும் கொயினாவுக்காகவே. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு தோட்டங்கள் அழியத் தொடங்கியபோது, பல துரைமார் கொயினாவை நட்டார்கள். 1880களில் இலங்கைப் பட்டை இலண்டன் சந்தையில் மலை போலக் குவிந்து விலை விழுந்தது. உடனே கொயினாவைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள். கோப்பி பறித்த கைகளே பட்டை உரித்தன. பட்டை உரித்த கைகளே தேயிலைக் கொழுந்து பறிக்கப் பழகின. இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போன நம் மக்களின் கைகள் அவை. தேயிலையைப் பற்றிப் பேசுவோர் உண்டு. இடையில் வந்து போன இந்த மரத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இவ்வளவு பாடுபட்டும் ஆங்கிலேயருக்கு ஒரு குறை இருந்தது. நீலகிரியில் செழித்த செம்பட்டை இனத்தில் காய்ச்சலைத் தணிக்கும் வேறு சத்துகள் இருந்தன, கொயினா குறைவு. தடி தாயை அச்சாகத் திருப்பித் தரும் என்றேன் அல்லவா? நிறைவைத் தருவது போலக் குறையையும் அது அச்சாகவே தரும். பொலிவியாவில் சார்ல்ஸ் லெட்ஜர் என்ற வியாபாரியிடம் வேலை செய்த மனுவல் இன்க்ரா மாமானி என்ற அய்மாறா இனத்தவர், எந்த மரத்தின் பட்டை சிறந்தது என்பதைப் பார்த்தே அறிந்தவர். அவர் சேர்த்துக் கொடுத்த விதை 1865இல் இலண்டனுக்கு வந்தது. ஆங்கிலேய அரசு வாங்கவில்லை. ஒல்லாந்தர் 100 பிராங் கொடுத்து ஒரு இறாத்தல் வாங்கி யாவாவில் விதைத்தார்கள். அதில் முளைத்த மரங்களைச் சோதித்துப் பார்த்தபோது சிலவற்றின் பட்டையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கொயினா இருந்தது. விதையில் விட்டால் கலப்பு வந்து விடும் என்பதால், சிறந்த மரங்களின் கொப்பை வெட்டி, வலிய வேர் கொண்ட செம்பட்டை மரத்தில் ஒட்டினார்கள். 1930களில் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு யாவாவிலிருந்து வந்தது. மாமானியோ மீண்டும் விதை சேர்க்கப் போன இடத்தில் பிடிபட்டு, அடிபட்டு, சிறையில் வருந்தி உயிர் நீத்தார். ஸ்புறூசுக்கு 1865இல் வருடம் 50 பவுண் உபகாரச் சம்பளம் கிடைத்தது; மார்க்கம் வாதாடியதால் 1877இல் இன்னொரு 50. நோயோடு யோர்க்ஷயரில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்து 1893இல் காலமானார்.

1934-35இல் இலங்கையில் மலேரியா பரவி ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மரம் நாட்டில் நின்ற காலமும் போய், மருந்தை வெளியிலிருந்து எதிர்பார்த்த காலம் அது. கொயினாக் கலவையின் கசப்பை நம் பாட்டன் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1942இல் யாவா யப்பானியர் கையில் விழுந்தபோதுதான் நீலகிரித் தோட்டங்களின் அருமை மறுபடி தெரிந்தது.

இனி நமது ஆடாதோடைக்கு வருகிறேன். சென்ற வைகாசியில் ஐயாவின் பக்கத்து வீட்டுக் குசராத்தி அம்மையார் ஒரு சாடியோடு அவர் வாசலில் வந்து நின்றார். பல வருடங்களுக்கு முன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “இது எங்கள் அரடூசி அல்லவா?” என்று கேட்டு ஒரு தடி வாங்கிப் போயிருந்தாராம். ஐயா அதை மறந்தே போயிருந்தார். அந்தத் தடி இப்போது அவர் வீட்டுக் குளியலறை யன்னலில் நாலடி உயரம். அதிலிருந்து வெட்டிய ஆறு தடிகளில் நான்கு வேர் விட்டன. ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஊரிலிருந்து பெட்டியில் தடி கொண்டு வரலாமே என்று சிலர் கேட்கக் கூடும். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் இந்நாட்டுக்குச் செடி கொண்டுவரச் சட்டம் இடம் தராது. கோப்பித் துருவை நினைத்தால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே இங்கே இருப்பதைத்தான் பெருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஒரு பென்சில் அளவு பருமனுள்ள, பூக்காத கொப்பை ஒரு சாண் நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளைக் களைந்து, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதைய நட்டுப் பையால் மூடி, நேர் வெயில் படாத யன்னலில் வையுங்கள். அடி நுனி மாற்றி நடாதீர்கள். நான் ஒருமுறை நட்டிருக்கிறேன். நொச்சிக்கும் செவ்வரத்தைக்கும் இதே முறைதான். கற்பூரவள்ளியும் துளசியும் தண்ணீர்ப் போத்தலிலேயே வேர் விடும். ஆடாதோடைக் கஷாயத்தைக் கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. வேறு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுக் குடிக்கவும்.

ஐயாவின் ஆடாதோடைத் தடி வேண்டுவோர் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் மண்டபத்தின் சமையல் பக்கத்தில் என்னைக் காணலாம். இப்போது மூன்று சாடிகள் உண்டு. கொண்டு போகிறவர்கள் அடுத்த வருடம் ஒரு தடியைத் திருப்பிக் கொண்டு வரவேண்டும் என்பது ஐயாவின் நிபந்தனை. குசராத்தி அம்மையாருக்கு ஒன்று ஏற்கனவே ஒதுக்கி வைத்தாயிற்று.